பதிவாளர் கேண்மை

பல்கலைக்கழகம் என்ற சொல்லைக் கேட்ட அளவில் நம் மனக்கண் முன் தோன்றுவோர் பேராசிரியரும் மாணவருமே. சற்று ஆழ்ந்து நோக்குவோர் துணைவேந்தரையும் நினைப்பர். பதிவாளரையோ, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரையோ, அவர்தம் அலுவலகத்தில் கோப்புகளின் நடுவே அமர்ந்திருக்கும் எழுத்தரையோ நினைப்பார் அரியர். சான்றிதழ் உரிய நாளில் வாராதபொழுது மட்டுமே அவர்கள் நம் நினைவுக்கு வருகின்றனர். அப்பொழுதும் நன்றியோடு நினைக்கப்படுவதில்லை. ஆயினும், ஒரு மாணவன் ஓரிடத்திற் கற்ற கல்வி மற்றோரிடத்திற் செல்லுமா, செல்லாதா என்பதை நாள்தோறும் முடிவு செய்வோர் இவர்களே. இவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருத்தலும், கூடிக் கலந்து பேசுதலும், ஒருவர் சொல்லை மற்றவர் நம்புதலும் அலுவலர்தம் வசதிக்கு உரியன மட்டும் அல்ல. மாணவர்தம் வாழ்வுக்கே இன்றியமையாதன என்பதை எடுத்துரைப்பதே எமது நோக்கமாகும்.

இப்பொருளை யாம் எடுத்துக்கொண்டதற்கு எம் ஊராகிய போச்சம்பள்ளியே காரணம். கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வட்டம் எல்லைப்புற நாட்டில் அமைந்துள்ளது. ஓசூரைக் கடந்தால் கருநாடகம். ஓசூரினின்று பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவே. வடக்கே ஆந்திர நாட்டுக் குப்பம். கிழக்கே திருப்பத்தூர் மாவட்டம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் அடுத்தடுத்த வீடுகளில் ஒலிக்கும் நாடு இது. முன்னர் மாந்தோப்புக்கும் வாரச் சந்தைக்குமே பெயர் பெற்றிருந்த இப்பகுதியில் இன்று தொழிற்பேட்டைகள் பல எழுந்துள்ளன. 2021ஆம் ஆண்டில் ஓலா நிறுவனத்தாரின் மின்சார இருசக்கர வண்டித் தொழிற்சாலையும் போச்சம்பள்ளி வட்டத்திலே தோன்றிற்று. தொழில் வளர வளர மக்கள் இடம் பெயர்கின்றனர். பெற்றோர் இடம் பெயரின் பிள்ளைகளின் கல்வியும் உடன் பெயரவேண்டுமன்றோ?

அங்ஙனம் பெயருங்கால் எத்தனை வாயில்களைக் கடக்கவேண்டும் என்பதைப் பாருங்கள். எம் மாவட்டத்துக் கலைக் கல்லூரிகள் சேலத்தில் 1997ஆம் ஆண்டு தோன்றிய பெரியார் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவை. அண்டை மாவட்டமாகிய திருப்பத்தூர், வேலூரை அடுத்துள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்கு உட்பட்டது. அது 2002ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. குப்பத்தில் திராவிட மொழிகளின் ஆராய்ச்சிக்கென்றே 1997ஆம் ஆண்டில் ஆந்திர அரசினர் திராவிடப் பல்கலைக்கழகத்தை அமைத்தனர். அப்பாற் கோலாரிற் பெங்களூரு வடக்குப் பல்கலைக்கழகம் உள்ளது. அது 1964இல் தோன்றிய பெங்களூருப் பல்கலைக்கழகத்தினின்று பிரிந்து வந்தது. ஆக, மூன்று மாநிலங்கள், ஐந்து பல்கலைக்கழகங்கள். பேருந்து ஏறினால் ஒரே நாளிற் சென்று மீளத்தக்க தொலைவில் ஒவ்வொன்றும் இருப்பினும், ஒன்றன் ஏடு மற்றொன்றில் நுழைவதற்குத் திங்கள் பல ஆவதும் உண்டு.

இந்நிலை என்றும் இருந்ததன்று. 1857ஆம் ஆண்டிற் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபின், இவ்வெல்லையின் இருபுறமும் அதன் நிழலிலேயே இருந்தன. அந்நாளைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஓசூரும் கிருஷ்ணகிரியும் மட்டுமல்ல, மைசூர் மன்னர் ஆட்சியிலிருந்த பெங்களூரு மத்தியக் கல்லூரியும், மைசூர் மகாராஜா கல்லூரியுங்கூடச் சென்னையோடே இணைந்திருந்தன. 1916ஆம் ஆண்டில் மைசூர்ப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. அந்நாள் முதல் எல்லைக்கு அப்புறம் ஒரு பட்டம், இப்புறம் மற்றொரு பட்டம் என்றாயிற்று. புதிய பல்கலைக்கழகம் தோன்றியது நாட்டுக்கு நலமே, அதில் ஐயமில்லை. ஆனால் வீடு இரண்டானால் நடுவிலுள்ள வாயிலைத் திறப்பதற்கு ஒருவர் வேண்டும். அவர் யார் என்பதே அன்று எழுந்த வினா.

அவ்வினா நம் எல்லைக்கு மட்டும் உரியதாயில்லை. 1857இல் மூன்றாகவும், 1887இல் ஐந்தாகவும் இருந்த இந்தியப் பல்கலைக்கழகங்கள், 1916க்குப் பின் விரைந்து பெருகின. காசி, பாட்னா, உசுமானியா, அலிகார், லக்னோ, டாக்கா, டில்லி, நாகபுரி எனச் சில ஆண்டுகளுக்குள்ளே பல எழுந்தன. ஒவ்வொன்றும் தன் பாடத்திட்டத்தையும் தேர்வு முறையையும் தானே வகுத்துக்கொண்டது. ஒன்றன் பட்டத்தை மற்றொன்று ஏற்றுக்கொள்ளாவிடின் மாணவர் கதி யாது? ஆகவே 1924ஆம் ஆண்டிற் சிம்லாவில் துணைவேந்தர் மாநாடு கூடிற்று. 1925ஆம் ஆண்டில் பல்கலைக்கழகங்களுக்கு இடைப்பட்ட வாரியம் பிறந்தது. இலங்கைப் பல்கலைக்கழகமும் பின்னர் அதிற் சேர்ந்தமையால், இந்தியா இலங்கைப் பல்கலைக்கழக வாரியம் என்றும் அது சில காலம் வழங்கிற்று. 1967இற் சங்கமாகப் பதிவு பெற்று, 1973இல் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் என்னும் இன்றைய பெயரைப் பூண்டது. நூற்றாண்டைக் கடந்துவிட்ட அச்சங்கத்தில் இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் உறுப்பாக உள்ளன. மாணவர் பலர் அதனை விளையாட்டுப் போட்டிகளாலும் இளைஞர் விழாக்களாலுமே அறிவர். ஆயின் அதன் முதற்பணி பட்டங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு மதித்தலேயாகும்.

பிற நாடுகளிலும் இத்தகைய கூட்டுறவுகள் அக்காலத்தை ஒட்டியே தோன்றின. 1912ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிற் பிரித்தானியப் பேரரசின் பல்கலைக்கழகங்கள் மாநாடு கூட்டின. மறு ஆண்டிலேயே அவற்றுக்கென ஓர் அலுவலகம் நிறுவப்பெற்றது. அதுவே இன்று பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் சங்கமாக விளங்குகின்றது. அதற்கும் முன்னர், 1910ஆம் ஆண்டில், அமெரிக்காவின் டெட்ராயிட் நகரிற் கல்லூரிப் பதிவாளர் சிலர் தாமே கூடித் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். இன்று அமெரிக்கப் பதிவாளர், சேர்க்கை அலுவலர் சங்கம் என வழங்கும் அது, உலக நாடுகளின் கல்விச் சான்றிதழ்களை ஆராய்ந்து, அவற்றின் மதிப்பினை விளக்கும் குறிப்புகளைத் தொகுத்து வருகின்றது. இந்தியப் பட்டங்களும் அத்தொகுப்பில் உண்டு.

இவ்விரு தோற்றங்களுக்கும் உள்ள வேற்றுமை கருதத்தக்கது. நம் நாட்டுச் சங்கம் மேலிருந்து தோன்றிற்று. துணைவேந்தர்கள் கூடி அமைத்தது. அமெரிக்கச் சங்கமோ மேசையிலிருந்து தோன்றிற்று. ஏடுகளைக் கையில் வைத்திருந்தோரே கூடி அமைத்துக்கொண்டது. துணைவேந்தர் சில ஆண்டுகளே பதவியிலிருப்பவர். மாநாட்டில் உரையாற்றி, தீர்மானம் நிறைவேற்றி, காலம் முடிந்ததும் விடைபெறுவர். அலுவலகத்தின் பழைய ஏடுகளையும், விதிகளின் உட்பொருளையும், முன்னர் இத்தகைய விண்ணப்பம் வந்தபொழுது யாது செய்யப்பட்டது என்பதையும் நெடுங்காலம் நினைவில் வைத்திருப்போர் அலுவலரே. எனவே, துணைவேந்தர் நட்பு விழாவுக்கு அழகு. பதிவாளர் நட்போ வேலைக்கு உதவும் என்று கூறின் அது மிகையாகாது. நம் நாட்டில் முதலாவது வளர்ந்த அளவுக்கு இரண்டாவது வளரவில்லை என்பதே எமது கருத்து.

இதன் அருமையை எம் ஊர்ச் சந்தையைக் கொண்டு விளக்குவோம். ஞாயிறுதோறும் போச்சம்பள்ளியிற் கூடும் சந்தைக்குப் பல ஊரார் வருகின்றனர். முன்னாளில் ஊருக்கு ஊர் படியும் மரக்காலும் வேறுபட்டன. வணிகர் தம்முள் அறிமுகமாகி, இவ்வூர்ப் படி அவ்வூர்ப் படிக்கு இவ்வளவு என்று ஒத்துக்கொண்டமையாலேயே கொள்ளலும் கொடுத்தலும் நடந்தன. பின்னர் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடெங்கும் கிலோகிராமும் மீட்டரும் வந்தன, அவ்விடர் தீர்ந்தது. கல்விக்கோ அத்தகைய எடைக்கல் இன்னும் வாய்க்கவில்லை, வாய்க்கவும் வாய்க்காது. ஒரு பாடத்தை இத்தனை மணி நேரம் கற்பித்தோம் என்று எண்ணிக் கூறலாம். எவ்வளவு ஆழமாகக் கற்பித்தோம் என்பதை எந்தத் தராசில் நிறுப்பது? ஆகையால் இங்கு வணிகரின் பழைய முறையே இன்னும் வேண்டப்படுகின்றது. அளப்போர் ஒருவரையொருவர் அறியவேண்டும்.

அண்மைக்காலத்து நிகழ்ச்சி ஒன்றே இதற்குச் சான்றாகும். 2021ஆம் ஆண்டிற் கருநாடக அரசினர் புதிய தேசியக் கல்விக் கொள்கையைத் தழுவி நான்காண்டுச் சிறப்புப் பட்டப்படிப்பைக் கொணர்ந்தனர்; மூன்றாம் ஆண்டின் முடிவிற் பட்டம் பெற்று வெளியேறவும் அதில் வழியிருந்தது. 2024ஆம் ஆண்டில் அரசினர் அதனை மாற்றி, மூன்றாண்டுப் படிப்புக்கே மீண்டனர். தமிழ்நாடோ மூன்றாண்டுப் படிப்பினின்று பெயரவில்லை. ஆகவே 2021க்கும் 2024க்கும் இடையே எல்லைக்கு அப்பாற் கல்லூரியிற் சேர்ந்த ஒருவனும், இப்பாற் சேர்ந்த ஒருவனும் ஒரே தெருவில் வாழ்ந்தாலும் வெவ்வேறு அளவையால் அளக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவன் பாதியிற் கல்லூரி மாற நேரின், அவன் கற்ற தாள்களுள் எவை செல்லும், எவை மீண்டும் எழுதப்படவேண்டும் என்பதை முடிவு செய்தல் எளிதன்று. இரு பக்கத்துப் பதிவாளரும் முன்னரே கூடி ஓர் ஒப்பீட்டு அட்டவணை வகுத்திருப்பின் ஒரு வாரத்தில் முடியும். இல்லையேல், கடிதம் போய்க் கடிதம் வரும். அதற்குள் சேர்க்கை நாள் முடிந்துவிடும்.

சேர்க்கை நாள் முடிந்தால் ஓராண்டு போயிற்று. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு ஓராண்டு காத்திருத்தல் சலிப்பை மட்டுமே தரும். எம் வட்டத்துக் கூலிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கோ அது கல்வியின் முடிவாகவும் ஆகலாம். காத்திருக்கும் அவ்வாண்டிலே தொழிற்சாலை வேலையோ திருமணமோ வந்து வழி மறிக்கும். ஒரு தாளின் மதிப்பைப் பற்றிய ஐயம் ஒரு பெண்ணின் வாழ்நாள் முழுவதையும் திருப்பிவிட வல்லது. அலுவலகத்தில் உறங்கும் கோப்பு உயிரற்றதென்று எண்ணுவோர் இதனைச் சிந்திப்பாராக.

பட்டம் பெற்ற பின்னரும் இத்தொல்லை விடுவதில்லை. தமிழ்நாட்டில் அரசுப் பணிக்கு விண்ணப்பிப்போர், தம் பட்டத்தின் பெயர் அறிவிப்பில் உள்ள பெயரினின்று சற்று வேறுபடினும், இஃது அதற்கு இணையானது என்னும் அரசாணையைக் காட்டவேண்டி வருகின்றது. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் வழியே இத்தகைய இணைத்தன்மை ஆராயப்படுகின்றது. பாடத்திட்டம் வகுக்கும்பொழுதே பல்கலைக்கழகங்கள் தம்முட் கலந்து பட்டத்திற்குப் பெயரிட்டிருப்பின், பின்னர் அரசாணை தேடி அலையும் நிலை பலர்க்கு நேராதன்றோ?

இனி, இக்கருத்துக்கு எதிராகக் கூறத்தக்கவற்றையும் நேர்மையோடு ஆராய்வோம்.

எல்லாம் கணினியில் ஏறிவிட்ட இக்காலத்தில் மனிதர் கூடுவது எதற்கு என்பர் சிலர். 2021ஆம் ஆண்டிற் பல்கலைக்கழக மானியக் குழுவினர் கல்வி மதிப்பலகுகளுக்கென ஒரு வங்கியை நிறுவ விதி வகுத்தனர். மாணவன் ஈட்டிய மதிப்பலகுகள் அதிற் கணக்கில் வைக்கப்படும். சான்றிதழ்களும் மின்னணுப் பேழையிற் கிடைக்கின்றன. இவை பெரிதும் பயனுடையன. போலிச் சான்றிதழ்களைக் கண்டறியும் வேலையும் இவற்றால் எளிதாயிற்று. ஆனால் வங்கி பணத்தை எண்ணுமேயன்றி, ஒரு நாட்டு நாணயம் மற்றொரு நாட்டில் எவ்வளவு பெறும் என்பதைத் தானே முடிவு செய்வதில்லை. இன்ன தாளுக்கு இத்தனை மதிப்பலகு என்று கணினி கூறும். எம் தாளுக்கு அது நிகராகுமா என்னும் வினாவுக்கு மனிதரே விடை கூறவேண்டும்.

இது அரசின் வேலை. அலுவலர் சங்கங்களுக்கு இதில் யாது உரிமை என்பர் வேறு சிலர். அரசு விதி வகுத்தல் முறையே. அயல்நாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் பணியை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நெடுங்காலம் ஆற்றி வந்தது. 2025ஆம் ஆண்டில் மானியக் குழுவினர் அதற்குத் தாமே விதிகள் வகுத்து வெளியிட்டனர். அதிகாரம் ஓரிடத்தினின்று மற்றோரிடத்துக்கு மாறலாம். ஆனால் எவ்வளவு தெளிவாக எழுதினும், விதியில் அடங்காத ஒரு மாணவன் நாளையே விண்ணப்பத்தோடு வருவான். அவனுக்கு உதவ வேண்டுமாயின், விதியை எழுதியவரைவிட அடுத்த பல்கலைக்கழகத்தில் அதே நாற்காலியில் அமர்ந்திருப்பவரே விரைந்து வழி கூறவல்லர். அவர் பெயர்கூடத் தெரியாவிடின் வழி கேட்பது எங்ஙனம்?

மூன்றாவது தடை இவ்விரண்டினும் வலியது. அலுவலர் கூடினால் தம் நலத்தையே பேசுவர். ஒருவர் குற்றத்தை மற்றவர் மறைப்பர். பயணப்படியும் விருந்துமே மிஞ்சும் என்பது அது. இதனை யாம் புறந்தள்ளவில்லை. திருவள்ளுவர் நட்பு என்னும் அதிகாரத்தை அடுத்தே நட்பாராய்தல் என்னும் அதிகாரத்தை வைத்தார். பின்னர்த் தீ நட்பையும் கூடா நட்பையும் தனித்தனியே கூறி எச்சரித்தார். நட்பு நன்று என்பதனாலே எல்லா நட்பும் நன்றாகிவிடாது. ஆகவே, அலுவலர் கூட்டுறவு நல்லதா அன்றா என்பதை அளக்க எளிய அளவுகோல் ஒன்று கூறுவோம்: கூட்டம் முடிந்தபின் மாணவன் காத்திருக்கும் நாள்கள் குறைந்தனவா? குறைந்திருப்பின் அது நட்பு. குறையாதிருப்பின், எத்துணைத் தீர்மானங்கள் அச்சேறினும், அது வெறுங்கூட்டமே.

அவ்வளவுகோலை மனத்துட்கொண்டு, எம் எல்லைப்புறத்துக்கு ஏற்ற ஒன்றை வேண்டுகின்றோம். மேற்கூறிய ஐந்து பல்கலைக்கழகங்களின் பதிவாளரும், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரும், இடப்பெயர்வுச் சான்றிதழையும் தகுதிச் சான்றிதழையும் கையாளும் பிரிவின் எழுத்தரும் ஆண்டுக்கு ஒருமுறை, சேர்க்கை தொடங்குமுன், கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ கூடுவாராக. மாலையும் பொன்னாடையும் வேண்டா. சென்ற ஆண்டிற் காலந்தாழ்ந்த விண்ணப்பங்களை மாணவர் பெயரின்றி எடுத்துவைத்து, எங்கே நின்றது, ஏன் நின்றது என ஆராய்ந்தாற் போதும். பாடங்களை ஒப்பிடும் அட்டவணை ஒன்றைத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டு, கல்லூரிதோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவாராக. எழுத்தரும் உடன் வரவேண்டும் என்பதனை வற்புறுத்திக் கூறுகின்றோம். உயர் அலுவலர் மட்டும் கூடிக் கலையின், மீண்டும் மேலிருந்து தோன்றிய சங்கமாகவே அது முடியும்.

மாணவராகிய நமக்கும் இதிற் கடமை உண்டு. விண்ணப்பத்தைப் பிழையின்றி எழுதுதல், உரிய நாளுக்கு முன்னரே கொடுத்தல், மறுமொழி வாராதபொழுது இகழ்ந்து பேசாமற் பொறுமையோடும் துணிவோடும் வினவுதல் ஆகியவை அலுவலர் வேலையை எளிதாக்கும். எந்தத் தாள் எங்கே மறுக்கப்பட்டது என்பதைக் குறித்து வைத்து மாணவர் மன்றங்கள் தொகுத்தளிப்பின், அத்தொகுப்பே அக்கூட்டத்துக்கு நல்ல முகவுரையாகும்.

பெரியார் பல்கலைக்கழகம், திருவள்ளுவர் பல்கலைக்கழகம், திராவிடப் பல்கலைக்கழகம் என்னும் மூன்று பெயர்களும், கல்வி பிறப்பாலும் எல்லையாலும் தடைப்படலாகாது என்ற எண்ணத்தையே நமக்கு ஊட்டுகின்றன. பெயரளவில் உள்ள அவ்வுறவு பதிவேட்டளவிலும் வருமாயின், எம் வட்டத்துப் பிள்ளைகள் எப்பக்கம் சென்று கற்பினும் கற்றது வீணாகாது. அதற்குப் பெரும்பொருட் செலவு வேண்டா, புதுச்சட்டமும் வேண்டா. அடுத்த அலுவலகத்தில் அமர்ந்திருப்பவரை அறிந்துகொள்ளும் விருப்பம் ஒன்றே வேண்டும். பொறுப்பிலுள்ள பெரியோர் இதனைக் கருத்திற்கொண்டு, வரும் கல்வியாண்டு தொடங்குமுன்னரே ஆவன செய்வார்களாக.